40-ல் போனா பின்னாடி ஹாரன்.. 60-ல் போனா அபராதம்! வேக கேமராவில் சிக்கும் டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

சென்னை,

பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே விரட்டுகிறது. முன்னால் கம்பத்தில் கேமரா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் மாட்டிய பைக்காரர் என்னதான் செய்வார்? சென்னையில் வண்டி ஓட்டி பிழைப்பவர்களின் புலம்பல் இதுதான்.

ஆட்டோ டிரைவர், கால் டாக்சி டிரைவர், லோடு வண்டிக்காரர், வீடு வீடாக சாப்பாடு கொண்டுபோய் கொடுக்கும் பையன் என்று எல்லோருக்கும் ஒரே குறை. வேகமாப் போனது தப்புன்னா சரி, ஆனா இந்த ரோட்டுல எவ்வளவு வேகம்னு எங்க எழுதிப் போட்டிருக்கு என்பதுதான் அது. ஒரு தடவை கேமராவில் விழுந்தால் ரூ.1,000 காலி. பலருக்கு அது ஒரு நாள் சம்பாத்தியம். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதே கேள்விக்குறி.

எந்த வண்டிக்கு எவ்வளவு வேகம், அபராதம் எவ்வளவு, கேமரா எப்படி பிடிக்கிறது, நோட்டீசு தப்பாக வந்தால் என்ன செய்வது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

2023 ஜூனில் கிளம்பிய புகைச்சல்

சென்னையில் வேக கேமரா விவகாரம் பெரிதாக வெடித்தது 2023 ஜூன் மாதத்தில். நகரில் 10 இடங்களில் ரேடார் கருவியுடன் கேமராக்களை போக்குவரத்து போலீசார் பொருத்தினர். பகலில் மணிக்கு 40 கி.மீ., இரவில் 50 கி.மீ. வேகத்தை தாண்டினால் தானாகவே சலான் போய்விடும் என்று அறிவிப்பு வந்தது.

அவ்வளவுதான், டீக்கடை பெஞ்சு முதல் டெலிவிஷன் விவாதம் வரை இதே பேச்சு. புது பைக்குகளில் 40-ல் டாப் கியர் போட்டால் என்ஜின் இழுக்காமல் திணறும். ஜி.எஸ்.டி. ரோடு, நூறடி ரோடு, பைபாஸ் மாதிரி அகலமான ரோட்டில் காருக்கும் ஆட்டோவுக்கும் ஒரே 40 என்பது என்ன கணக்கு என்று வாகன ஓட்டிகள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எதிர்ப்பு பலமாக கிளம்பியதும் போலீசார் இறங்கி வந்தனர். கருவிகள் சோதனையில்தான் உள்ளன, உடனே அபராதம் கிடையாது என்று விளக்கம் கொடுத்தார்கள். வேக அளவை மாற்றி அமைப்பது பற்றி ஆய்வும் நடந்தது.

அதன்பிறகு வந்த புது பட்டியல் 2023 நவம்பர் 4-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி சென்னை நகருக்குள் கார், வேன் போன்ற இலகுரக வாகனங்களுக்கு மணிக்கு 60 கி.மீ. பஸ், லாரி போன்ற கனரக வாகனங்களுக்கு 50. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டருக்கும் 50. ஆட்டோவுக்கு 40. குடியிருப்பு பகுதிக்குள் நுழைந்துவிட்டால் எந்த வண்டியாக இருந்தாலும் 30-தான்.

ஜூனில் கத்தியதற்கு பலன் கார், பைக், பஸ், லாரிக்கு கிடைத்தது. ஆட்டோக்காரர்களுக்கு அதே 40 அப்படியே நின்றது. மூன்று சக்கர வண்டி சட்டென்று திருப்பினால் கவிழும் அபாயம் அதிகம் என்பதால் மத்திய அரசின் பட்டியலிலும் ஆட்டோவுக்கு எப்போதுமே வேகம் கம்மிதான்.

30 கி.மீ. விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெயின் ரோட்டில் 50-ல் வந்த பைக், தெருவுக்குள் திரும்பிய பிறகும் அதே கையோடு முறுக்கினால் அங்கே அது 20 கி.மீ. கூடுதல். ஆனால் மெயின் ரோடு எங்கே முடிகிறது, குடியிருப்பு பகுதி எங்கே ஆரம்பிக்கிறது? சென்னையில் பாதி தெருவில் கீழே கடை, மேலே வீடு. போர்டு இல்லாவிட்டால் இதை டிரைவர் எப்படி கண்டுபிடிப்பார் என்பது அதிகாரிகள் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

நெடுஞ்சாலையில் என்ன கணக்கு?

ஊருக்கு வெளியே போனால் கணக்கு மாறும். மோட்டார் வாகன சட்டம் 112-வது பிரிவின்படி அதிகபட்ச வேகத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் யாரும் போகக்கூடாது. ஆனால் அந்த அளவுக்குள் மாநில அரசோ, அதனிடம் அதிகாரம் பெற்றவர்களோ ஊருக்கு தகுந்தபடி வேகத்தை குறைத்துக்கொள்ளலாம். சென்னையில் நடந்தது அதுதான்.

2018 ஏப்ரல் 6-ந்தேதி மத்திய அரசு இந்த உச்சவரம்பை உயர்த்தியது. காருக்கு விரைவுச்சாலையில் 120, நான்கு வழிச்சாலையில் 100 கி.மீ. என்று ஆனது. இதை சென்னை ஐகோர்ட்டு 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஒரு விபத்து நஷ்டஈடு வழக்கை விசாரித்தபோது, வேகத்தால்தானே இத்தனை சாவு, இதில் வேகத்தை கூட்டுவது ஏன் என்று கேட்டு, பழைய குறைந்த அளவுக்கே திரும்பும்படி நீதிபதிகள் உத்தரவிட்டனர்.

அரசு ஒரு பக்கம் ஏற்றுகிறது, கோர்ட்டு இறக்குகிறது, போலீஸ் தனியாக ஒன்று சொல்கிறது என்று டிரைவர்கள் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. வழியில் நிற்கும் போர்டில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதை பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 80 என்று போட்டிருந்தால் 80. பாலம் ஏறும் இடம், ஊர் நுழையும் இடம், வளைவு ஆகியவற்றில் போர்டு நம்பர் திடீரென்று இறங்கும்.

லாரி, டிராவல்ஸ் வண்டி, பள்ளிக்கூட பஸ்சுக்கு இதைத்தவிர வேகக்கட்டுப்பாட்டு கருவியும் உண்டு. கருவி பொருத்தவேண்டிய வண்டிகளில் பொதுவாக 80 கி.மீ.யிலும், பள்ளி பஸ், டேங்கர், டிப்பர் வகைகளில் 60 கி.மீ.யிலும் வேகத்தை நிறுத்தும்படி அதை வைக்க வேண்டும். எப்.சி. காட்டும் அன்றைக்கு மட்டும் கருவி வேலை செய்யும், மறுநாள் வயரை கழற்றிவிடுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

ரூ.400 எப்படி ரூ.1,000 ஆச்சு?

மோட்டார் வாகன சட்டத்தில் 2019-ல் பெரிய திருத்தம் வந்தது. அதற்கு முன்பு அதிவேகத்துக்கு முதல் தடவை ரூ.400 வரைதான் அபராதம். திருத்தத்தில் கார், பைக், ஆட்டோ போன்ற இலகுரக வாகனத்துக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை என்றும், நடுத்தர, கனரக வாகனத்துக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை என்றும் ஏற்றிவிட்டார்கள். 2019 செப்டம்பர் 1-ந்தேதி நாட்டின் பல பகுதிகளில் இது அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் உடனே வரவில்லை. 3 வருடம் கழித்து 2022 அக்டோபரில்தான் புது கட்டணத்துக்கு அரசாணை போட்டு வசூலிக்க ஆரம்பித்தார்கள்.

பணத்தோடு போனால் பரவாயில்லை. இரண்டாவது தடவை அதே தப்பில் சிக்கினால் லைசென்சை பறிமுதல் செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலை பாதுகாப்பு கமிட்டியும் 2015-ல் மாநிலங்களுக்கு கடுமையான உத்தரவு போட்டது. அதிவேகம், சிக்னல் மீறல், குடிபோதை, செல்போன் பேசியபடி ஓட்டுவது போன்ற குற்றங்களுக்கு 3 மாதத்துக்கு குறையாமல் லைசென்சை சஸ்பெண்டு செய்யவேண்டும் என்பதே அது. ஆபீசுக்கு பைக்கில் போகிறவர் 3 மாதம் பஸ்சில் போய் சமாளிப்பார். லாரி டிரைவருக்கு லைசென்சு போனால் சோறே போச்சு.

கம்பத்து கேமரா எப்படி பிடிக்குது?

ரெயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று கேட்கும். தாண்டிப்போனதும் சத்தம் தடித்து இறங்கும். கவனித்திருப்பீர்கள். ரேடார் கருவியின் சூட்சுமமும் இதுதான். கருவியில் இருந்து கிளம்பும் அலை, ஓடும் வண்டியில் பட்டு திரும்பும்போது மாறுபடுகிறது. அந்த மாற்றத்தை வைத்து வேகத்தை கணக்கு போடுகிறது. வரம்பை தாண்டினால் கேமரா படம் எடுக்கும். அதே நேரத்தில் நம்பர் பிளேட்டை படிக்கும் சாப்ட்வேர், வண்டி நம்பரை எடுத்து ஆர்.டி.ஓ. பதிவேட்டில் ஓனர் யார் என்று பார்க்கும். சலான் தயார்.

வண்டி மீட்டரில் ஒன்று, கேமராவில் வேறொன்று காட்டுகிறதே என்றும் சிலர் சண்டைக்கு வருவது உண்டு. கம்பெனி மீட்டர் பொதுவாக நிஜ வேகத்தைவிட கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டக்கூடாது என்பது தயாரிப்பு விதி. ஆகவே கம்பெனி மீட்டரை நம்பலாம். ஆனால் அழகுக்காக பெரிய சைஸ் டயர் மாட்டியவர்கள் ஜாக்கிரதை. சக்கரம் பெரிதானால் மீட்டர் 50 காட்டும்போது வண்டி அதைவிட கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்.

கேமரா தப்பே பண்ணாதா? பண்ணும். இரண்டு வண்டி ஒட்டி ஒட்டி போனால் வேகம் யாருடையது என்ற சந்தேகம் வரும். நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தாலும், ஸ்டைலாக எழுத்தை வளைத்திருந்தாலும் ஒரு எழுத்தை இன்னொன்றாக படித்துவிடும். இதைவிட மோசம், திருட்டு வண்டிக்கு வேறொருவரின் நம்பரை மாட்டிக்கொண்டு சுற்றுபவர்கள். வண்டி வீட்டு வாசலில் நிற்கும், சலான் மட்டும் எங்கிருந்தோ வரும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் ஆனதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம்.

நோட்டீசுல இதெல்லாம் இருக்கணும்!

வண்டி ஓட்டும் பலருக்கு தெரியாத விஷயம் இது. கேமரா மாட்டி அபராதம் போடுவதற்கும் விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டு 11-ந்தேதி 167-ஏ என்ற புது விதியை சேர்த்தார்கள். டிரைவரை கட்டுப்படுத்தும் சட்டம் ஆயிரம் இருக்க, கேமரா மாட்டுகிறவரை கட்டுப்படுத்த வந்தது இது.

கருவிக்கு அங்கீகார சான்றிதழ் இருக்கவேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பாகவே எச்சரிக்கை போர்டை கண்ணில் படும்படி வைக்கவேண்டும். மரத்துக்கு பின்னால் கேமராவை ஒளித்து வைத்துவிட்டு, மாட்டினியா என்று கேட்கும் வேலை இந்த விதிப்படி செல்லாது. குற்றம் நடந்த 15 நாளைக்குள் நோட்டீசு அனுப்பவேண்டும் என்றும், சலான் விவகாரம் முடியும்வரை அந்த பதிவை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும் என்றும் விதி சொன்னது.

நோட்டீசில் வண்டியின் படம் நம்பர் பிளேட்டோடு தெரியவேண்டும். கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்த சட்டப்பிரிவை மீறினார் என்பது, மின்னணு சாட்சியத்துக்கான சான்று எல்லாம் சேர்ந்து வரவேண்டும். வெறும் ரூ.1,000 கட்டு என்ற ஒரு வரி எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது.

சட்டத்திலேயே இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. இந்த வண்டி வேகமாப் போச்சுன்னு நான் பாத்தேன் என்று ஒரே ஒரு ஆள் சொல்வதை மட்டும் வைத்து அதிவேகத்துக்கு தண்டிக்க முடியாது. கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து குத்துமதிப்பாக நீ 80-ல வந்தே என்று யாராவது மிரட்டினால், அளந்த கணக்கை காட்டுங்க சார் என்று மரியாதையாக கேட்கலாம்.

சலானை பார்க்க மத்திய அரசின் இ-சலான் இணையதளத்திலோ, எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி நம்பரை போட்டால் போதும். தப்பான சலான் என்றால் பணத்தை கட்டிவிட்டு சண்டை போடக்கூடாது. கட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். முதலில் அதே தளத்தில் இருக்கும் புகார் பகுதியில் சலான் நம்பரோடு விவரத்தை பதிவு செய்யவேண்டும். வண்டி அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு பெட்ரோல் பில், டோல்கேட் ரசீது, ஒர்க்ஷாப் பில் என எது கிடைத்தாலும் சேர்த்துவைப்பது நல்லது. கட்டாத, தீராத சலான் கோர்ட்டுக்கு போகும். அங்கேயும் மறுத்து வாதாட உரிமை உண்டு. நோட்டீசில் போட்டிருக்கும் கெடு தேதியை மட்டும் தவறவிடக்கூடாது.

கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எப்.சி. காட்டப் போகும்போதோ, வண்டியை விற்கப்போகும்போதோ பாக்கி மொத்தமும் திரையில் வந்து நிற்கும். ரூ.1,000 என்று நினைத்துப் போனவருக்கு பத்து சலானை நீட்டுவார்கள்.

வித்தாச்சு, ஆனா சலான் மட்டும் வருது

கேமராவுக்கு தெரிவது வண்டி நம்பர் மட்டும்தான். ஓட்டியது யார் என்று அதற்கு தெரியாது. ஆகவே நோட்டீசு நேரே ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். பாதி பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

பழைய பைக்கை தெரிந்த மெக்கானிக் மூலமாக விற்பார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்.சி. புக்கையும், கையெழுத்து போட்ட பாரத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். வாங்கியவர் பெயரை மாற்றவே மாட்டார். அவரிடம் இருந்து இன்னொருவருக்கு, அப்புறம் இன்னொருவருக்கு என்று வண்டி கை மாறும். ஒருநாள் அந்த வண்டி 70-ல் பறந்தால் மெசேஜ் வருவது முதல் ஓனரின் செல்போனுக்கு.

சட்டம் 50-வது பிரிவின்படி விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு தகவல் கொடுக்கவேண்டும். வாங்கியவர் 30 நாளைக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான பாரங்கள் 29, 30. வாங்கினவன் மாத்திக்குவான் என்று விட்டுவிடாமல், விற்ற தகவலை தானே பதிவு செய்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சம். அபராதம்கூட சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு வழக்கில் ஆர்.சி. பெயர்க்காரரை இழுப்பார்கள்.

வண்டியை தம்பியோ, நண்பனோ எடுத்துப்போய் மாட்டினால்? 133-வது பிரிவின்படி போலீசார் கேட்டால் அன்று ஓட்டியது யார் என்ற விவரத்தை ஓனர் சொல்லியாக வேண்டும்.

ஆர்.சி.யில் பதிவான செல்போன் நம்பர் பழசாக இருந்தால் மெசேஜே வராது. சிம்மை மாற்றியவர்கள் பரிவாகன் தளத்தில் புது நம்பரை ஏற்றிவிடுவது நல்லது.

அவசரப்படுத்துறவங்களுக்கும் அபராதம் உண்டு

டிராவல்ஸ் வண்டியில் சலான் வந்தால் ஓனர் அதை டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார். சரி, அந்த டிரைவர் ஏன் வேகமாகப் போனார்? காலை 5 மணி பிளைட்டுக்கு 4.30 மணிக்கு ஆளை ஏற்றச் சொன்னது யார்? தனியார் பஸ்சில் ஒரு நிமிஷம் லேட்டானால் அடுத்த பஸ்காரன் டைமிங் தகராறு செய்வான். டெலிவரி பையன்களுக்கு செல்போனில் நிமிஷம் ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்துக்கு அபராதம் ஒருத்தருக்கு, வேகத்தால் வரும் லாபம் இன்னொருத்தருக்கு.

இதை சட்டம் பார்க்காமல் இல்லை. அதிவேகத்துக்கான அதே 183-வது பிரிவு, ஓட்டியவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. தன்னிடம் வேலை செய்பவரையோ, தன் கட்டுப்பாட்டில் ஓட்டுபவரையோ வரம்பை மீறி ஓட்ட வைத்தவரும் குற்றவாளிதான். அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இருக்கிறது. இத்தனை மணிக்குள் போய்ச்சேர வேண்டும் என்று டைம்டேபிள் போட்டாலோ, உத்தரவு கொடுத்தாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று கோர்ட்டு கருதினால், அந்த டைம்டேபிளே அதை போட்டவருக்கு எதிரான முதல்நிலை சாட்சி.

சட்டப்புத்தகத்தில் இப்படி பளிச்சென்று இருந்தும், கேமராவில் விழும் டிரைவரைத் தேடிப் போகும் நோட்டீசு, டைம்டேபிள் போட்டவரின் ஆபீசு கதவை தட்டியதாக அதிகம் கேள்விப்படுவதில்லை. டெலிவரி கம்பெனிகள் பையன்களை வேலையாள் என்று சொல்லாமல் பார்ட்னர் என்று அழைக்கின்றன. அதனால் பொறுப்பு யாருக்கு என்ற வழக்காடலும் இருக்கிறது. ஆனால் பிரிவில் வேலைக்காரர் என்று மட்டும் இல்லை, கட்டுப்பாட்டில் ஓட்டுபவர் என்றும் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. தொழிற்சங்கங்கள் கையில் எடுக்கவேண்டிய பாயிண்டு இது. வாட்ஸ்அப்பில் சீக்கிரம் போ என்று முதலாளி போட்ட மெசேஜை டிரைவர்கள் அழிக்காமல் வைத்திருப்பது உத்தமம்.

வேகமாப் போனா எவ்வளவு மிச்சம்?

அதற்காக வேகம் சரி என்று ஆகிவிடாது. 10 கி.மீ. தூரத்தை 40-லேயே ஓட்டினால் 15 நிமிடம். 60-லேயே ஓட்டினால் 10 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். அதுவும் காலி ரோட்டில். மெட்ரோ ரெயில் பள்ளமும், சிக்னலும் உள்ள ரோட்டில் அந்த 5 நிமிடமும் அடுத்த சிவப்பு விளக்கில் கரைந்துவிடும்.

இன்னொரு கணக்கு பயமுறுத்துவது. 40-ல் போகும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். குறுக்கே குழந்தை ஓடி வந்தால், கண் பார்த்து கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. அதன்பிறகு காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 9 மீட்டர். மொத்தம் 20 மீட்டர். அதே வண்டி 60-ல் வந்தால் சுமார் 37 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மழை பெய்தால் இன்னும் கூடும்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் 71 சதவீத சாவுக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64 ஆயிரத்து 105 விபத்துகளில் 17 ஆயிரத்து 884 உயிர்கள் போயின. காரணம் தெரியாத விபத்தை எல்லாம் எப்.ஐ.ஆரில் அதிவேகம் என்று எழுதிவிடுகிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. அதில் பாதியை கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது சின்ன நம்பர் இல்லை.

எல்லை தாண்டினா உஷார்

சபரிமலை சீசனில் கேரளாவுக்கு போகும் வேன், கார் டிரைவர்கள் அங்குள்ள கேமரா பற்றி பீதியோடு பேசுவது வழக்கம். கேரளாவில் 726 கேமராக்கள் வைத்து 2023 ஜூன் 5-ந்தேதி முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். இதில் வேகத்தை பிடிக்க வைத்தது வெறும் 8-தான். 675 கேமரா ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் ஆகியவற்றை பிடிப்பதற்கு. ஆகவே மெதுவாகப் போனால் தப்பிக்கலாம் என்று சீட் பெல்ட் போடாமல் போகிறவர்தான் அங்கே அதிகம் மாட்டுவார். 2023 ஜூலை 1-ந்தேதி முதல் அங்கே இருசக்கர வாகனத்தின் உச்சவேகத்தை 70-ல் இருந்து 60 ஆக குறைத்தார்கள். காருக்கு நகரத்துக்குள் 50 என்று வைத்தார்கள்.

கர்நாடகாவில் பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வரம்பு. 130-ஐ தாண்டினால் சலானோடு விடாமல் வழக்கே பதிவு செய்யப்படும் என்று 2024 ஆகஸ்டு 1 முதல் நடைமுறை கொண்டுவந்தார்கள். அந்த ரோட்டின் மெயின் பாதையில் 2023 ஆகஸ்டு 1 முதல் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை.

பாக்கி சலானுக்கு தள்ளுபடி தருவதும் வேறு மாநிலங்களில் நடந்தது. கர்நாடகாவில் 2023 பிப்ரவரியில் பாதிக்கு பாதி தள்ளுபடி கொடுத்தபோது மக்கள் வரிசை கட்டி பணம் கட்டினார்கள். தெலுங்கானாவில் 2022 மார்ச்சில் இருசக்கர வாகனத்துக்கு கால் பங்கு கட்டினால் போதும் என்றார்கள். தள்ளுபடி வரும் வரும் என்று காத்திருந்து கோர்ட்டு நோட்டீசு வாங்கியவர்களும் உண்டு என்பதால் இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

போலி மெசேஜ் மோசடி

அபராத பயத்தை பயன்படுத்தி திருட்டு கும்பலும் கிளம்பியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு சலான் வந்துள்ளது, இந்த பைலை திறந்து பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்புவார்கள். அதை செல்போனில் ஏற்றினால் வங்கிக்கு வரும் ரகசிய எண் அவர்கள் கைக்கு போய்விடும். நிஜ சலானுக்கு எந்த செயலியையும் வாட்ஸ்அப்பில் இருந்து இறக்கவேண்டியது இல்லை. பணம் கட்டும் அரசு தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்றுதான் முடியும். வந்த லிங்கை தொடாமல், தளத்தை தானே திறந்து வண்டி நம்பரை போட்டுப் பார்த்தால் சலான் உண்மையா, பொய்யா என்று தெரிந்துவிடும். தெரியாமல் தொட்டு பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி நம்பருக்கு போன் செய்யவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அந்த அளவுக்கு பணத்தை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.